ஓதச் சுவரும் வெடித்த தரையும்: வாடகை வீட்டுக் கேள்வி பதில்

அக்கா, ஹால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து நாறும். தரையிலிருந்து ஏறும் ஈரம், செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்து இழுத்து வருகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூத்துப் பெயின்ட்டைத் தள்ளிவிடுகிறது. முதலில் சுவருக்குப் பின்பக்கம் ஏதாவது குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் அது ஓனர் பார்க்க வேண்டிய வேலை, உங்கள் காசைப் போடாதீர்கள்.

ஒழுகவில்லை என்றால், உரிந்ததைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். கோடையில் நன்றாகக் காயவிட்டு, அந்தப் பகுதிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். எமல்ஷன் பெயின்ட் ஈரத்தை உள்ளே அடைக்கும்; சுண்ணாம்பு அதை வெளியே விடும். கொஞ்சம் மஞ்சள் காவி கலந்தால் பார்க்கவும் களையாக இருக்கும். வருஷா வருஷம் அடிக்க வேண்டிவரும். பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள்தானே நாம்! கண்ணில் மட்டும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீரோவை அந்தச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார். ஒட்டுக் கொக்கியோ இரண்டே நாளில் விழுகிறது.

சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டும். டிஸ்டம்பர் என்கிற மலிவு பெயின்ட் அடித்த சுவரில் பசை அந்த மாவைத்தான் பிடிக்கிறது, சுவரை அல்ல. படங்களைக் கடப்பாக்கல் அலமாரியில் சாய்த்து வையுங்கள். தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் ஜன்னல் கம்பி இருக்கிறது.

பழைய புடவையில் கர்ட்டன் தைக்கலாமா?

பருத்தி என்றால் தாராளமாக. பட்டு வெயிலில் இற்றுப்போகும்.

சிவப்பு ஆக்ஸைடு தரை, அங்கங்கே வெடிப்பு. மேலே வினைல் ஷீட் விரித்துவிடவா?

அந்தத் தரை கிடைக்காமல் ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மூடாதீர்கள். வெடிப்பைச் சுத்தம் செய்து, சிமெண்ட்டில் சிவப்பு ஆக்ஸைடு பொடி கலந்து நிரப்புங்கள். நிறம் அச்சாகச் சேராது, பரவாயில்லை. ஆசிட் ஊற்றித் தேய்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். நடுவில் ஒரு பவானி ஜமக்காளம் போட்டால் பாதி வெடிப்பு கண்ணிலேயே படாது.

கையில் இரண்டாயிரம்தான் இருக்கிறது, மேடம். ஒரே ஒரு மாற்றம் என்றால் எது?

விளக்கு. பளீரென்ற டியூப்லைட் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். வார்ம் ஒயிட் எல்.இ.டி. பல்பு வாங்குங்கள், அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். உச்சியில் ஒன்றாக இல்லாமல், மூலைக்கு ஒன்றாகத் தாழ்வாக வையுங்கள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மேஜைக்கு வெள்ளை விளக்கே இருக்கட்டும். மிச்சப் பணத்துக்குக் கோரைப் பாயும் இரண்டு திண்டும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் போகிறது. அதில் கொடி மாதிரி ஓவியம் வரைய ஆசை.

பொறுங்கள். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில மாதங்களில் விரிசல் அதைத் தாண்டினாலோ, அகலமானாலோ ஓனரைக் கூப்பிட்டுக் காட்டி, இன்ஜினியரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடி கனத்திலேயே நின்றுவிட்டால் பட்டி பார்த்துவிட்டு வரையலாம்.