உடம்பு எடையில் எத்தனை மடங்கு தூக்குகிறீர்கள்? கேள்வி பதில்

வலுதூக்குதலில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது ஒரு தகரக் கொட்டகையில் பையன்களுக்கும் பெண்களுக்கும் சொல்லித்தருகிறேன். ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (மல்லாந்து படுத்து ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பெயர் வேண்டாம், உங்கள் எடையைப் போட்டால் போதும். புரோட்டீன் டப்பா, ஊசி, சிக்ஸ் பேக் மூன்றுக்கும் வேறு கடை பாருங்கள்.

66 கிலோ: மாஸ்டர், ஸ்குவாட் 100 கிலோ ஒரு ரெப், அதாவது ஒரு தடவை, போடுகிறேன். உடம்பில் ஒன்றரை மடங்கு. நான் ஸ்ட்ராங்தானே?

ஓரிரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்த ஆணுக்கு ஜிம்களில் சொல்லும் கைக்கணக்கு இது: பெஞ்ச் உடம்பு எடைக்குச் சமம், ஸ்குவாட் ஒன்றரை மடங்கு, டெட்லிஃப்ட் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் நீங்கள் பாஸ்.

ஆனால் அந்த 100 எப்படி வந்தது? ராடு 20, ஒரு பக்கம் 40, மறுபக்கம் 40 என்று கூட்டியிருப்பீர்கள். ராடு 20 கிலோ என்று யார் சொன்னது? போட்டியில் வைக்கிற ராடு 20 கிலோ. நம் ஊர் ஜிம்மில் கிடப்பது எந்தப் பட்டறையில் அடித்ததோ தெரியாது. நான் முதலில் சேர்ந்த ஜிம்மில் வெங்காய மண்டியிலிருந்து ஒரு தராசை இரவல் வாங்கி வந்து எல்லாவற்றையும் நிறுத்தேன். ராடு 12 கிலோவும் சில்லறையும். 20 என்று எழுத்து பொறித்த பிளேட் ஒன்று 18 கிலோ 400 கிராம். அன்றைக்கு ஒரே மதியத்தில் என் டெட்லிஃப்ட் 14 கிலோ இறங்கியது. ஓனர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இன்னொன்று, ஆழம். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பக்கத்தைவிடக் கீழே போக வேண்டும். பாதியில் எழுந்தால் அது ஸ்குவாட் இல்லை, பெரியவரைப் பார்த்துப் போடும் கும்பிடு. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். ராடை நிறுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

58 கிலோ, பெண்: பெண்களுக்கும் இதே மடங்குதானா அண்ணா? என் ஜிம்மில் யாரும் சொல்வதில்லை. டெட்லிஃப்ட் 70 போடுகிறேன்.

இல்லைம்மா. பெண்களுக்குக் கைக்கணக்கு வேறு. ஸ்குவாட் உடம்பு எடை, டெட்லிஃப்ட் ஒன்றேகால் மடங்கு, பெஞ்ச் பாதியைத் தாண்டினால் நல்ல தொடக்கம். இடுப்புக்குக் கீழே ஆண்களுக்கும் பெண்களுக்கும் வலுவில் இடைவெளி குறைவு, இடுப்புக்கு மேலேதான் அதிகம். அதனால் பெஞ்சைப் பார்த்து மனசு விடாதீர்கள். உங்கள் 70 ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு மூன்று மாதத்தில் தாண்டிவிடுவீர்கள்.

மேல்வரம்பு எங்கே என்று தெரிய வேண்டுமா? டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 115 கிலோவை முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் நிறுத்தினார். கிட்டத்தட்ட 2.35 மடங்கு. அதே போட்டியில் ஸ்னாட்ச்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 87, மொத்தம் 202, வெள்ளிப் பதக்கம். உங்கள் ஜிம்மில் சும்மா நின்று வேடிக்கை பார்க்கிற ஆண்களில் எத்தனை பேரால் அந்த 115-ஐத் தரையிலிருந்து முழங்கால் வரைக்குமாவது கொண்டுவர முடியும்?

74 கிலோ: மேக்ஸ், அதாவது ஒரே ஒரு ரெப் போட முடிகிற அதிகபட்ச எடை, எடுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. போடாமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நீங்கள் நல்ல முறையில் போடக்கூடிய எடையை எத்தனை ரெப் என்று எண்ணுங்கள். ரெப்பை 30-ஆல் வகுத்து, 1 சேர்த்து, எடையால் பெருக்குங்கள். 60 கிலோவை 8 ரெப் என்றால் 76 வரும். எப்லி கணக்கு என்பார்கள். பத்து ரெப்புக்கு மேல் போனால் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

அப்புறம் இதைக் கேட்காமலே சொல்கிறேன்: ஆள் இல்லாமல் தனியாகப் பெஞ்சில் மேக்ஸ் போடாதீர்கள். கட்டைவிரலை ராடுக்குப் பின்னால் விட்டுப் பிடிக்காதீர்கள். ராடு நழுவினால் கீழே இருப்பது உங்கள் கழுத்து.

81 கிலோ: ஸ்மித் மெஷினில் 140 ஸ்குவாட்...

அங்கே ராடு தண்டவாளத்தில் ஓடுகிறது, கணக்கில் வராது. அடுத்து.

104 கிலோ: எனக்கு இந்த மடங்குக் கணக்கே பிடிக்கவில்லை மாஸ்டர். நான் ஸ்குவாட் 150 போடுகிறேன். 60 கிலோ பையன் 95 போட்டுவிட்டு "நான்தான் உன்னைவிட ஸ்ட்ராங்" என்கிறான்.

நீங்கள் கேட்டது நியாயம். ஒரு கயிறு எவ்வளவு தாங்கும் என்பது அதன் தடிமனில் இருக்கிறது, நீளத்தில் இல்லை. தசையும் அப்படித்தான். ஒரு ஆளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் தசையின் குறுக்குவெட்டு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். வலு எடைக்குப் பின்னாலேயே நடந்து வரும், கூடவே ஓடிவராது. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு தூக்குவதும் யானையால் அது முடியாததும் இதனால்தான்.

எண்ணில் பார்ப்போம். 60 கிலோ ஆள் 90 தூக்கினால் ஒன்றரை மடங்கு. அதே தரத்தில் இருக்கும் 100 கிலோ ஆளிடம் சுமார் 126 எதிர்பார்க்கலாம், அது 1.27 மடங்குதான். உங்கள் விஷயத்தில் அந்தப் பையனின் 95-க்குச் சமமாக நீங்கள் போட வேண்டியது 137. போடுவது 150. ஆக, நீங்கள்தான் மேலே. அவனிடம் சொல்லுங்கள்.

போட்டிகளில் இதனால்தான் வெறும் மடங்கை வைத்துச் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒலிம்பிக்கில் தலைக்கு மேல் தூக்குகிற பளுதூக்குதலில், உடம்பு எடைக்குத் திருத்தம் போட கனடாவின் ராய் சின்க்ளேர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. வலுதூக்குதலில் 2018 வரை ஆஸ்திரேலியாவின் ராபர்ட் வில்க்ஸ் போட்டது ஓடியது. அதற்கப்புறம் சர்வதேச வலுதூக்குதல் சம்மேளனம் புள்ளிக் கணக்கை மாற்றிவிட்டது.

63 கிலோ: குண்டாக இருப்பவர்கள் சொல்லும் சாக்கு இது. லமார் கான்ட் கதை தெரியுமா மாஸ்டர் உங்களுக்கு?

தெரியும் தம்பி, நானே சொல்ல நினைத்தேன். அமெரிக்கர். முதுகெலும்பு வளைந்த உடம்பு. வளைவால் உடல் குட்டையாகி, கை நீளமாகத் தொங்கும். கை நீண்டால் ராடு மேலே வர வேண்டிய தூரம் குறையும். 1985-ல் 60 கிலோ எடையில் 300 கிலோ டெட்லிஃப்ட் போட்டார். ஐந்து மடங்கு. பிரிட்டனின் எடி ஹால் 2016-ல் டெட்லிஃப்ட்டில் 500 கிலோ தூக்கினார், ஆனால் அவர் எடை 180 கிலோவுக்கு மேல். மடங்கு மூன்றுகூட வராது. நான் மேலே சொன்ன திருத்தம் போட்டாலும் கான்ட்தான் ஜெயிக்கிறார். ஆனால் கான்ட் ஜெயித்தால் நீங்கள் ஜெயித்ததாக ஆகாது. உங்கள் டெட்லிஃப்ட் எவ்வளவு?

63 கிலோ: 110.

சரி.

104 கிலோ: பார்த்தீர்களா! நான் 190.

63 கிலோ: அண்ணே, அதில் தொப்பை மட்டும் 30 கிலோ.

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஆனால் தொப்பைப் பேச்சில் ஒரு விஷயம் இருக்கிறது. மடங்குக் கணக்கு கொழுப்பையும் தசையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. எடை வரம்பே இல்லாத கடைசிப் பிரிவுக்காரர்கள் கொழுப்பைக் குறைக்க மெனக்கெடுவதில்லை. ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021-ல் 267 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். மனிதன் போட்டியில் அப்படித் தூக்கியதில் அதுதான் அதிகம். மடங்கு ஒன்றரைக்குப் பக்கம்தான் வரும். துருக்கியின் நயீம் சுலைமானோக்லு 1988 சியோலில் 60 கிலோ பிரிவில் 190 தூக்கினார், மூன்று மடங்கைத் தாண்டியது. யார் பலசாலி என்று கேட்டால், என்ன தூக்க வேண்டியிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். கிணற்று மோட்டார் என்றால் லாஷாவைக் கூப்பிடுவேன்.

88 கிலோ, திருநெல்வேலிப் பக்கம்: எங்கள் ஊர் இளவட்டக்கல்லுக்கு எடைப்பிரிவு எதுவும் கிடையாதே? கல் ஒன்றுதான். தூக்கினவன் தூக்கினவன். உங்கள் மடங்கெல்லாம் அங்கே எடுபடாது.

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்!

பார்க்காதவர்களுக்கு: உருண்டையான, வழவழப்பான கல். விரல் மாட்ட இடமே இருக்காது. குத்தவைத்து உட்கார்ந்து, கல்லைக் கட்டிப்பிடித்து, முதலில் மடிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து நெஞ்சோடு உருட்டி, தோளில் ஏற்றி, பின்னால் போட வேண்டும். பொங்கலுக்கு இன்றும் தென்மாவட்ட ஊர்களில் நடக்கிறது. இதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்று பாட்டிமார் சொல்வார்கள். மாமனார்கள் அதைவிட வீடு வாசலைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

நீங்கள் சொன்னது சரி, கல் உங்கள் எடையைக் கேட்காது. நெல் மூட்டையும் கேட்காது. அங்கே பெரிய உடம்புக்காரருக்குத்தான் சாதகம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஜிம்மில் 180 டெட்லிஃப்ட் போடுகிற என் பையன் ஒருவன் அதில் பாதி எடைகூட இல்லாத கல்லிடம் தோற்றான். மடி வரை வந்தது. அதற்குமேல் முன்னங்கை வழுக்கி, நெஞ்சு சிராய்த்து, கல் பொத்தென்று மண்ணில் விழுந்தது. பக்கத்தில் நின்ற, எழுபது கிலோகூட இல்லாத ஒரு கொத்தனார் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினார். அவர் ஸ்குவாட் என்ற வார்த்தையையே கேட்டிருக்க மாட்டார். ராடில் அளக்கிற வலு ராடுக்கு உரியது, கல்லுக்குக் கல்லின் பழக்கம் வேண்டும்.

63 கிலோ: அப்போ சின்ன உடம்புதான் ஜெயித்தது!

தம்பி, ஒரு கொத்தனாரை வைத்துச் சட்டம் எழுதாதீர்கள்.

72 கிலோ: எந்த புரோட்டீன் பவுடர் நல்லது?

மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

70 கிலோ: 105 ஸ்குவாட் நல்லதா?

முதல் பதில்.

85 கிலோ: 10 கிலோ குறைத்தால் மடங்கு தானாக ஏறிவிடும்தானே?

காகிதத்தில் ஏறும். வேகமாகக் குறைத்தால் தூக்குகிற எடையும் கூடவே இறங்கும், கடைசியில் மடங்கு இருந்த இடத்திலேயே நிற்கும். தொப்பை இருந்தால் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ குறையுங்கள். ஸ்குவாட் இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். மடங்கு உருப்படியாக உதவுவது இந்த இடத்தில்தான்: போன வருடத்து உங்களை இந்த வருடத்து உங்களோடு ஒப்பிட. போட்டிக்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல் எடை இறக்குகிற வித்தையை இங்கே யாரும் கேட்க வேண்டாம்.

பையனுக்கு 14 வயது: பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே?

தெரிந்த ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் நிற்காது. அந்த வயதில் மேக்ஸும் வேண்டாம், மடங்கும் வேண்டாம். தண்டால், பஸ்கி, லேசான ராடில் நல்ல முறை, அது போதும்.

92 கிலோ: தண்டாலை எப்படிக் கணக்கில் எடுப்பது?

தண்டாலில் உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கையில் இறங்குகிறது. உங்களுக்கு 60 கிலோ பக்கம். புல்-அப் என்றால் முழு உடம்பும். 92-ல் சுத்தமாக ஐந்து புல்-அப் எடுத்தால் பெருமைப்படலாம்.

79 கிலோ: பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். டெட்லிஃப்ட் மேக்ஸ் போடலாமா?

மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என்னிடம் இல்லை.

68 கிலோ: 100 ஸ்குவாட், ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம்...

முதல் பதில்! ராடை நிறுத்தீர்களா?

66 கிலோ: மாஸ்டர், நான்தான் முதல் கேள்வி. எங்கள் தெருப் பழைய இரும்புக் கடையில் தராசு வாங்கி வந்து நிறுத்தேன். ராடு 11 கிலோ 500. நான்கு பிளேட்டும் சேர்ந்து 74 கிலோ 500. மொத்தம் 86. மடங்கு 1.3. வீடியோவும் எடுத்தேன், பாதிதான் இறங்குகிறேன்.

அப்படியானால் 60-ல் ஆரம்பிப்போம். ஓனரிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.