அயல்நாட்டு வளர்ப்புயிர்களுக்கு மருத்துவராக எந்தக் கல்லூரியில் படிக்கலாம்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். என் மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படித்து முடித்திருக்கிறாள். முயல், கிளி வகைகள், ஆமை, இகுவானா என்னும் பெரிய பல்லி போன்றவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவராக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். இதற்கெனத் தனிப் பட்டம் உண்டா? பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக் கல்லூரியில் சேர்க்கலாமா, சென்னைக்கு அனுப்பலாமா, கடன் வாங்கியாவது வெளிநாட்டில் படிக்க வைக்க வேண்டுமா?

பதில்: இளநிலையில் அப்படி ஒரு தனிப் பட்டம் இந்தியாவில் இல்லை. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம் வகுத்த ஒரே பாடத்திட்டத்தையே அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்லூரிகளும் பின்பற்றுகின்றன. பி.வி.எஸ்சி. & ஏ.எச். என்னும் அந்த இளநிலைக் கால்நடை மருத்துவப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு நீளும். மாடு, ஆடு, கோழி, நாய், குதிரை ஆகியவையே அதில் பெரும்பங்கு. காட்டுயிர், விலங்குக்காட்சிச் சாலை உயிரினங்கள் பற்றிய பகுதி சிறியது. ஆகவே கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவது பாடநூல் அன்று. அதன் மருத்துவமனைக்குள் நாள்தோறும் எந்த உயிரினங்கள் வருகின்றன, அவற்றை மாணவர் கையால் தொட்டுப் பார்க்க இடம் தரப்படுகிறதா என்பதே. தங்கள் மகள் இதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

மாட்டையும் நாயையும் ஐந்தாண்டு படிப்பது வீண் என்று அவர் எண்ணக்கூடும். அப்படியன்று. பொது மருத்துவத்தில் தேறிய ஒருவரால்தான் அயல்நாட்டு உயிரினம் எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று பிடித்துக்கொள்ள முடியும். நாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, முயல் இறந்தே போகலாம். முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதால், அறுவைச் சிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி போடுவதுபோல் அதைப் போடுவதும் தவறு. பறவைக்கு, நமக்கு மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும் என்பதால், பரிசோதனையின்போது மார்பை இறுக்கிப் பிடித்தாலே மூச்சுத் திணறும். ஆமை, பல்லியினங்களின் பின்கால் பகுதியிலிருந்து வரும் இரத்தம் சிறுநீரகத்தின் வழியே செல்லக்கூடும் என்பதால், ஊசியை உடலின் முன்பகுதியில் போடுவதே வழக்கம். வீட்டுக்குள் வளரும் இகுவானாவின் எலும்பு மெலிந்து வளைவதற்குப் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் புற ஊதாக் கதிர் கிடைக்காமையுமே காரணம். அங்கே மருந்துச் சீட்டைவிடப் புற ஊதா விளக்கும் தீவனமும் முக்கியம். இவற்றையெல்லாம் உடலியங்கியல், மருந்தியல், மயக்கவியல், நோய்க்குறியியல் ஆகிய அடிப்படைகளின் மேல்தான் கட்ட முடியும். அந்தத் துறைகள் வலுவாக உள்ள கல்லூரியே இத்துறைக்கும் நல்ல கல்லூரி.

இனி இடங்களைப் பார்ப்போம். புதுச்சேரி குரும்பாபேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் தங்கள் வீட்டிலிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் கடலூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. புதுச்சேரி மாநிலத்தவருக்கு அம்மாநில மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகக் கிடைக்கும் ஒதுக்கீட்டில் தங்கள் மகளுக்கு உரிமை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளின் 15 விழுக்காடு இடங்களை (அகில இந்திய ஒதுக்கீடு) நீட் மதிப்பெண் அடிப்படையில் கால்நடை மருத்துவ மன்றம் நிரப்புகிறது. அவர் நீட் எழுதியிருந்தால் அந்த வழியில் முயலலாம்.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை வெளியிடுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும் மறக்க வேண்டாம். அதன் கல்லூரிகளில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை வேப்பேரிக் கல்லூரியே தங்கள் மகளின் விருப்பத்துக்கு மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. பெருநகரின் நடுவே இருப்பதால் வீட்டு வளர்ப்பு உயிர்கள் அங்கே திரளாக வருகின்றன; காட்டுயிர் அறிவியலுக்கெனத் தனித் துறையும் அங்கே உண்டு; வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையும் போய்வரும் தொலைவில் உள்ளன. அடுத்ததாக நாமக்கல்லைச் சொல்வேன். பலர் அதை மாட்டுக்கும் கோழிக்கும் உரிய கல்லூரி என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் கோழிப் பண்ணைகள் சூழ்ந்த அந்த ஊரில் பறவை நோய்க்குறியியலைக் கற்கும் வாய்ப்பு அரிதானது. இறந்த பறவையை அறுத்து, நோயைக் கண்டறியப் பழகிய கை, நாளை ஒரு சாம்பல் கிளியின் முன்னும் தடுமாறாது.

கவுன்சலிங்குக்கு முன் ஒரு வேலைநாளின் காலையில் குரும்பாபேட்டைக்கோ வேப்பேரிக்கோ மகளை அழைத்துச் சென்று, புறநோயாளிப் பிரிவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பறவையும் முயலும் வருகின்றனவா, வந்தால் யார் பார்க்கிறார், இறுதியாண்டு மாணவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று கவனியுங்கள். சிறு உயிர்களுக்கு வாயு மயக்க மருந்து தரும் கருவி உள்ளதா என்றும், உள்ளுறைப் பயிற்சியின்போது உயிரியல் பூங்காவுக்கோ யானை முகாமுக்கோ அனுப்புகிறார்களா என்றும் மாணவர்களிடமே கேளுங்கள். விளம்பரத் தாளைவிட அவர்கள் சொல்வது நம்பத்தக்கது.

உண்மையான சிறப்புப் பயிற்சி பட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது. வேப்பேரியில் காட்டுயிர் அறிவியலில் எம்.வி.எஸ்சி. என்னும் முதுநிலைப் பட்டம் படிக்கலாம். உத்தரப் பிரதேசம் இஜ்ஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும், ஜபல்பூரில் காட்டுயிர் நலத்துக்கென உள்ள பள்ளியும் கவனிக்கத்தக்கவை. ஆனால் இவை பெரும்பாலும் காட்டுயிர் சார்ந்தவை. நகர வீட்டில் வளரும் கிளிக்கும் முயலுக்கும் மருத்துவராக, அறுவைச் சிகிச்சையிலோ மருத்துவ இயலிலோ முதுநிலை முடித்துவிட்டு, அத்தகைய உயிர்களைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் பணியாற்றுவது இன்னும் நேரான வழி.

சட்டத்தையும் இப்போதே அறிந்துகொள்ளட்டும். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு உயிரினங்களில், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் (சைட்டிஸ்) பட்டியலில் உள்ளவற்றை 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பழகிப் பார்க்கலாம் என்று எதையேனும் வாங்கித் தருமுன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்காக இப்போது கடன் வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். செலவு மிகப் பெரிது. அங்கும் முதலில் கற்பிக்கப்படுவது பொதுக் கால்நடை மருத்துவமே. திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய, அந்தப் பட்டம் இந்திய மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். இங்கே பட்டம் பெற்றபின், தகுதித் தேர்வுகள் எழுதி வெளிநாட்டில் சிறப்புப் பயிற்சிக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. எனவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். விருப்ப வரிசையில் வேப்பேரியை முதலிலும் நாமக்கல்லை அடுத்தும் வைத்து, ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட பிற கல்லூரிகளையும் விடாமல் சேருங்கள். நீட் மதிப்பெண் இருந்தால் அகில இந்திய ஒதுக்கீட்டில் குரும்பாபேட்டையையும் குறிப்பிடுங்கள்.