எதிரொலியை வைத்து ஆளைப் பிடிக்கலாமா?

கேள்வி: கடலில் இருக்கும்போது வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டில் யாரோ மைக் பட்டன் அமுங்கியபடியே விட்டுவிடுகிறார்கள். 16-ஆம் சேனல் முழுக்க இன்ஜின் சத்தம், அவசரத்துக்குக் கூப்பிட முடியவில்லை. சிக்னல் எதிலாவது பட்டுத் திரும்புவதை வைத்தே ஆள் எங்கே என்று சொல்லிவிடலாம் என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி மகன். நிஜமா?
– விசைப்படகுக்காரர், பாம்பன்

பதில்: நிஜம்தான் அண்ணே, ஆனால் உங்கள் தொல்லைக்கு அது மருந்தில்லை.

மண்டபம் பக்கம் மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், முகத்துக்கு வலப்புறம் மங்கலாக இன்னொரு முகம் நிற்கும். எதிலோ பட்டுச் சுற்றி வந்த அதே சிக்னல்தான் அது. ரேடியோ அலை 1 மைக்ரோ செகண்டில் 300 மீட்டர் போகும். அந்த டிவியில் ஒரு வரி ஓட 52 மைக்ரோ செகண்ட். 40 செ.மீ. திரையில் நிழல் 1 செ.மீ. தள்ளி நின்றால் சுமார் 390 மீட்டர் கூடுதல் சுற்று. ஸ்கேல் வைத்தே அளந்திருக்கலாம், நாம் ஆன்டெனாவைத் திட்டியதோடு சரி.

பட்டுத் திரும்பும் இடம் தெரிந்துவிட்டால் அங்கே இன்னொரு ரிசீவர் வைத்த மாதிரி. புதிய பாம்பன் பாலத்தின் தூக்குக் கோபுரம் உங்களிடமிருந்து 5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எதிரொலி 10 மைக்ரோ செகண்ட் பிந்தினால் 3 கி.மீ. கூடுதல் சுற்று, கோபுரத்திலிருந்து உங்களுக்கு வந்த 5-ஐக் கழித்துப் பார்த்தால், அந்த ஆளிடமிருந்து உங்களுக்குள்ள தூரத்தைவிடக் கோபுரத்துக்குள்ள தூரம் 2 கி.மீ. குறைவு. அப்படிப்பட்ட இடங்களை எல்லாம் கோர்த்தால் பள்ளியில் படித்த அதிபரவளையம் வரும், சிக்னல் வரும் திசையும் தெரிந்தால் இடமே கிடைத்துவிடும். நாம் எதையும் ஒலிபரப்ப வேண்டாம், பதிவை அதன்மேலேயே நகர்த்தி நகர்த்திப் பொருத்தினால் எதிரொலி தட்டுப்படும்.

சிக்கல் சேனலின் அகலத்தில், அது குறுகக் குறுக எதிரொலியைத் தனியே பிரிப்பது கஷ்டம். டிவிக்கு 7 மெகாஹெர்ட்ஸ் இருந்தது, உங்கள் செட்டுக்கு 25 கிலோஹெர்ட்ஸ்தான். இதில் 12 கி.மீ.க்குக் குறைந்த சுற்றெல்லாம் பெரும்பாலும் நேர் சிக்னலோடு ஒட்டிக்கொண்டுவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்குப் பாம்பனிலும் மண்டபத்திலும் திசை காட்டும் ஆன்டெனா ஆளுக்கொன்று பிடித்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தைப் பார்ப்பது மேல்.

அதற்கும் முன்னால் வேறு சேனலிலோ செல்போனிலோ மற்றப் படகுகளை விசாரியுங்கள். பட்டன் அமுங்கிய செட்டுக்கு எதுவும் கேட்காது. ‘சத்தமா? எங்க செட்டு அமைதியாத்தானே இருக்கு’ என்று எவர் சொல்கிறாரோ, முதலில் அவர் மைக்கைப் பாருங்கள்.