காபூலி புலாவ்: நிறம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஆப்கான் காபூலி புலாவ் செய்தால் பிரியாணி போலவே ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மிளகாய்த்தூள், புதினா, தயிர் மூன்றையும் விலக்குங்கள் அம்மா. நிறம் தருவது வெங்காயம். கருகாமல் ஆழ்ந்த பழுப்பாகும்வரை பொறுமையாக வதக்கி, எலும்புள்ள ஆட்டுக்கறியை அதிலேயே பிரட்டி, நீர் ஊற்றி வேகவிடுங்கள். அந்தச் சாறுதான் புலாவின் உயிர்! சீரகம், ஏலக்காய், பட்டை, கிராம்புப் பொடி போதும்.

சேலா எனப்படும் புழுங்கல் பாஸ்மதி அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, முக்கால் பதத்தில் வடித்து, சாறு கலந்து 20 நிமிடம் தம் போடுங்கள். கேரட்டைத் துருவவே கூடாது, குழைந்துவிடும். தீக்குச்சி போல நறுக்கிச் சிறிது சர்க்கரையுடன் வதக்கி, உலர்திராட்சையோடு மேலே பரப்புங்கள். எங்கள் ராயபுரம் வீட்டில் பெரியவர்கள் காரம் கேட்பார்கள். பச்சைமிளகாய்ச் சட்னியைத் தனியாக வைப்பேன், புலாவில் சேர்க்க மாட்டேன்.