மாடித்தோட்ட இஞ்சி ஆகஸ்டிலேயே மஞ்சளாவது பற்றி

வணக்கம். மே மாதம் பைகளில் நட்ட இஞ்சி, தொடர்மழைக்குப் பின் மஞ்சளாகிவிட்டதே, அறுவடைக்கு வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இஞ்சி முற்றி இலை காய ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆகும். தண்டின் அடிப்பகுதி நீர்கோத்து, மெல்ல இழுத்தாலே கையோடு வந்து, கிழங்கு கொழகொழவென்று நாறினால், அது பித்தியம் என்னும் நுண்ணுயிர் தேங்கிய நீரில் பெருகி உண்டாக்கும் கிழங்கழுகல் நோயே. அப்படிப்பட்ட பையை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணில் இஞ்சியோ மஞ்சளோ மறுபடி நட வேண்டாம்.

மற்றப் பைகளின் வடிதுளைகளைக் குத்திவிட்டு, அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, மழை நேரடியாக விழாத இடத்துக்கு மாற்றுங்கள். சமையலுக்கு வளர்க்கும் செடிக்குத் தாமிர மருந்து ஊற்றுவதைவிட, வேப்பம்பிண்ணாக்கில் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடுவதையே நான் விரும்புவேன். ஆனால் அது நோயைத் தடுக்க உதவுமே தவிர, அழுகிய கிழங்கை மீட்காது.

நலமான செடியின் ஓரத்தைக் கிளறி, துவையலுக்கும் கஷாயத்துக்கும் வேண்டிய இளங்கிழங்கை இப்போதே எடுத்துக்கொள்ளலாம். சுக்குக்கு மட்டும் இலை முழுதும் காயும்வரை பொறுத்திருங்கள். இளங்கிழங்கு காய்ந்தால் வெறுமனே சுருங்கிப்போகும்.