பாரம்பரியக் குங்ஃபூவில் ரவுண்ட்ஹவுஸ் கிக் உண்டா?

உண்டு. ஆனால் தாய்லாந்தின் சண்டைக் கலையான முவாய் தாயில் பார்க்கிற அதே உதையைத் தேடினால் பல பாணிகளில் கிடைக்காது. அதனால்தான் சிலர் "சீனக் கலைகளில் அது இல்லவே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ரவுண்ட்ஹவுஸில் முழங்கால் மடங்கி மேலே வரும், இடுப்பு திரும்பும், ஊன்றிய காலின் குதிகால் எதிராளி பக்கம் திரும்பும், அப்புறம் கால் பக்கவாட்டில் பாயும். வட சீனப் பாணிகளின் அடிப்படைப் பயிற்சியான 'லி ஹ துய்' வேறு மாதிரி. முழங்காலை மடக்காமல், நீட்டிய காலையே வெளியிலிருந்து உள்பக்கமாகப் பிறை போல வீசுவார்கள். முகத்துக்கு முன்னால் நீட்டிய உள்ளங்கையில் பாதம் 'பட்'டென்று அறைய வேண்டும். அதையே உள்ளிருந்து வெளியே வீசினால் 'பாய் லியன்', அதாவது தாமரை உதை. நிதானத்துக்குப் பேர்போன யாங் பாணி தாய்சியின் நீண்ட அசைவு வரிசையிலும், முடியப்போகும் இடத்தில் இது வரும். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

'தெற்கே கை, வடக்கே கால்' என்பது சீனாவில் பழைய வழக்கு. தெற்கின் பாணிகளில் ஒன்றான விங் சுன்னில் உதைகள் பெரும்பாலும் தாழ்வாக, நேராகப் போகும். கையெட்டும் தூரத்தில் நடக்கும் சண்டையில் காலை அகலமாகச் சுழற்றினால் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வார். ஒற்றைக்காலில் நிற்பவர் விழ வேண்டியதுதான்.

சரி, இன்றைய சீனப் போட்டிகளில்? குத்து, உதை, தூக்கிப்போடுதல் மூன்றும் சேர்ந்த சண்டைப் போட்டி சாண்டா. 1979-ல் சோதனை முறையில் தொடங்கிய நவீன சாண்டாவில் 'பியன் துய்', சாட்டை உதை, அன்றாட ஆயுதம். அது ரவுண்ட்ஹவுஸேதான். ஆனால் அங்கே காலைப் பிடித்துத் தூக்கிப்போட்டால் புள்ளி உண்டு. அதனால் உதைத்த வேகத்திலேயே காலைத் திரும்ப இழுக்கவும் பழகுகிறார்கள்.