கோலாலம்பூரில் ஐபியூ (மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 80தான் காட்டுகிறது, ஆனால் கண் எரிகிறதே? கட்டுப்படுத்தி எரிக்கும் தீயிலிருந்து வரும் புகையா இது?

ஐபியூ பொய் சொல்லவில்லை, பிந்தி வருகிறது. நுண்துகளுக்கான குறியீட்டை 24 மணி நேரச் சராசரியில்தான் கணக்கிடுகிறார்கள். 18 மணி நேரம் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்) ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருந்து, கடைசி 6 மணி நேரம் 120க்கு ஏறியது என்று வையுங்கள். சராசரி 45. மூக்கில் ஏறுவதோ 120. புகை விலகிய பிறகும் எண் உடனே இறங்காததற்கும் இதுவே காரணம். ஓடப் போகலாமா என்று பார்க்க, அந்த மணி நேரத்து பிஎம் 2.5 அளவுதான் உதவும்.

அடுத்த கேள்விக்கு: பெரும்பாலும் இல்லை. கட்டுப்படுத்திய எரிப்பில் காய்ந்த புல்லையும் சருகையும் காற்றின் திசை பார்த்துப் பகலில் கொளுத்துவார்கள். கொழுந்துவிட்டு எரிவதால் புகை சூட்டோடு மேலேறிக் கலையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம்மை மூடுவது கரிச்சதுப்பு மண்ணின் (சதுப்பில் முழுதும் மக்காத செடிகொடிகள் சேர்ந்து உருவான மண், பீட்) புகை. சுமத்ராவின் ரியாவ், ஜாம்பி பக்கம் மட்டுமல்ல, கிள்ளான் ஜோஹான் செத்தியாவிலும் அதுதான் எரிகிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே விறகு. சுடரில்லாமல் கனன்று, தரைக்கடியில் வாரக்கணக்கில் ஊரும். சூடு குறைவாக இருப்பதால் புகை தாழவே படரும்; அரைகுறையாக எரிவதால் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் கூடுதல். மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும், பிறகு நாலடி தள்ளிப் புகையும். வாய்க்காலை அடைத்து நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்தால்தான் அடங்கும். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தது சுமத்ராப் புகையால்தான்.

இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே மூடி போட்டது போலாகும். உள்ளூர்ப் புகை அதற்குள் சிக்கிக்கொள்வதால் விடிகாலைதான் மோசம். வெயில் ஏறினால் மூடி கலையும். காலை நடையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

வீட்டில் ஓர் அறையை மட்டும் நன்றாக அடைத்து, அறையின் அளவுக்கு ஏற்ற ஹெப்பா (நுண்துகளையும் பிடிக்கும்) வடிகட்டிக் கருவியை வையுங்கள். ஸ்ப்ளிட் ஏர்கான் அறைக்காற்றையே சுற்றவிடும். அதன் வலை தூசியைப் பிடிக்கும், பிஎம் 2.5ஐப் பிடிக்காது. அந்த அறையில் கொசுவர்த்தியும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொஞ்ச நாள் வேண்டாம், அவையும் அதே நுண்துகள்தான். வெளியே போக என்95 முகக்கவரி. மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, கையால் மூடி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் துணி முகக்கவரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தாடி வைத்திருந்தால் கசியத்தான் செய்யும்.